பொங்கிய குச்சி

தோற்றால் வேலை போய்விடும் என்று தெரிந்திருந்தும் ஜாடியக்காவுக்கு அன்று காலையில் சந்தோஷம் தாங்கவில்லை.

பல் விளக்கிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டாள். வாய் நிறைய நுரையோடு அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட வீட்டுக்காரருக்குப் புரியவில்லை.

"முதல்ல துப்பு. அப்புறம் பேசு."

"பந்தயம்ங்க! இன்னைக்குத்தான்!"

"அது எதிர்வீட்டு நாய்க்கே தெரியும். நாலு நாளா நீ சொல்ற சத்தத்துல அதுவும் கூடச் சேர்ந்து குலைக்குது."

ஜாடியக்கா என்பது அவளுடைய பெயர் அல்ல. கல்லூரியில் பிள்ளைகள் வைத்தது. பிறகு அது தெருவுக்கு வந்து, வீட்டுக்கும் வந்துவிட்டது. மருந்து தயாரிப்பைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கல்லூரியில் சரக்கறையைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. மாத்திரையாக அட்டையில் ஏறுவதற்கு முன்னால் மருந்து என்பது வேராக, பட்டையாக, இலையாக, பிசினாக, சிப்பியாக, கல்லாக இருக்கிறது. காய்ந்து கிடக்கும் அந்த மூலப்பொருளுக்கு அந்தத் தொழிலில் சரக்கு என்று பெயர். அது ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, பார்த்தும் முகர்ந்தும் நுனிநாக்கில் வைத்தும் பிள்ளைகள் பழகுவதற்காக அடுக்கி வைத்திருந்த அறை அது.

"சரக்கறையில வேலைன்னு மட்டும் வெளியில சொல்லிடாத," என்பார் வீட்டுக்காரர். "எனக்குப் பொண்ணு குடுத்த இடம் நல்ல இடம்னு இன்னும் நாலு பேர் நம்பிட்டு இருக்காங்க."

அவள் தாவரவியல் படித்தவள். தற்காலிகமாகத்தான் அந்த வேலைக்கு வந்தாள். அந்தக் கல்லூரியில் தற்காலிகத்துக்கு ஆயுசு கெட்டி. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் வேறு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை. ஒரு ஜாடியைத் திறந்து முகர்ந்துவிட்டால் அடுத்த ஜாடியைத் திறக்காமல் இருக்க அவளால் முடியாது.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறை அலமாரியை அவள் அடுக்கியிருந்த விதம் வேறு யாருக்கும் பிடிபடாது. விதைகளுக்கு ஒரு தட்டு, பழங்களுக்கு ஒரு தட்டு, பட்டைகளுக்கு ஒரு தட்டு. வீட்டில் கூடவே இருந்த நாத்தனார், தையல் வேலைக்குப் போகிற அவசரத்தில் அடுப்படியில் நின்று கத்துவாள்.

"அண்ணி, கடுகு பக்கத்துல சீரகம் இருக்கும்னு கையை விட்டா கசகசா வருது!"

"கடுகு விதை. கசகசாவும் விதை. சீரகம் பழம். கீழ்த் தட்டுல பாரு."

"சீரகம் பழமா?" வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். "அப்ப ராத்திரி சாப்பிட்டதும் ஒரு சீரகம் உரிச்சுக் குடு. ரெண்டு சுளை போதும்."

"உப்பு எங்க அண்ணி?"

"உப்பு மண்ணுலருந்து வர்றது. மேல் தட்டு."

"கை எட்டலை."

"ஸ்டூல் போட்டுக்கோ."

இப்போது அந்த அலமாரியில் கடுகும் சீரகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. உப்பு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அடுக்கியவள்தான் இப்போது இல்லை. எல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது. அந்த வசதியை யாரும் கேட்கவில்லை.

பந்தயத்துக்கு வருவோம்.

கல்லூரிக்குப் புதுக் கட்டிடம் கட்டினார்கள். பழைய அறையிலிருந்து ஜாடிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து புது அறையின் தரையில் பரப்பிவிட்டுப் போனார்கள் சுமை தூக்கிகள். சில உடைந்திருந்தன. சிலவற்றின் மேல் ஒட்டியிருந்த காகிதம் உரிந்திருந்தது. ஒரே சரக்கில் மூன்று மூன்று ஜாடிகள் இருந்தன. காட்சிக்கு ஒரு வரிசை, வகுப்புக்கு ஒரு வரிசை, பரீட்சைக்கு ஒரு வரிசை. அத்தனையும் கலந்து கிடந்தன. ஜாடியக்கா வாசற்படியில் நின்று அந்தத் தரையைப் பார்த்தாள். வேறு ஒருவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளுக்கோ கை பரபரத்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்கலாம்!

அங்கேதான் வந்தது வினை. துறைத் தலைவர் வந்து பார்த்தார். பிள்ளைகளுக்கு அவர் பெரிய சார்.

"அகரவரிசையில அடுக்கிடுங்க," என்றார்.

"சார், பழைய அறையில ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன்..."

"நீங்க சொன்னீங்க, நானும் கேட்டேன். இப்ப விஷயம் வேறம்மா. ஆளைக் குறைக்கச் சொல்லி மேலருந்து நெருக்குறாங்க. அகரவரிசைன்னா பேரைச் சொன்னா யார் வேணாலும் எடுத்துக் குடுத்துடலாம். அலுவலகத்துலருந்து ஒருத்தர் வந்து பூட்டித் திறந்தா போதும்."

சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, ஒரு ஜாடியைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. நறுக்கென்று பேசிவிட்டு அன்றைக்கெல்லாம் சாப்பிடாமல் இருக்கிற ரகம்.

அப்போது உள்ளே வந்தார் ஆசிட் சார். வேதியியல் சொல்லித்தருபவர். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் அமிலம் பட்ட பொத்தல் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

"அகரவரிசையா? நாமென்ன சார், அகராதியா விக்கிறோம்?" என்றார். "உள்ள என்ன சத்து இருக்கோ அதை வச்சு அடுக்கணும். துவர்ப்புச் சத்து உள்ளதெல்லாம் ஒரு இடம், கசப்புச் சத்து ஒரு இடம், வாசனை எண்ணெய் ஒரு இடம், சுண்ணாம்பு ஒரு இடம். வேரு, பட்டை, இலையெல்லாம் சும்மா மேல போட்ட சட்டை."

"உங்க சட்டையைப் பத்திப் பேசாதீங்க," என்றார் பெரிய சார்.

ஜாடியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களுக்கு அடுக்குறீங்க. தெரியாதவங்களுக்கு? ஒருத்தர் ஒரு பட்டையைக் கொண்டுவந்து இது என்னன்னு கேட்குறாங்கன்னு வைங்க. பேரும் தெரியாது, உள்ள என்ன இருக்குன்னும் தெரியாது. பட்டைன்னு மட்டும்தான் தெரியும். பட்டையெல்லாம் ஒரே இடத்துல இருந்தாத்தானே தேட முடியும்? வேரு ஒரு இடம், பட்டை ஒரு இடம், இலை, பூ, காய், விதை, குச்சி, பிசின், சங்கு சிப்பி மாதிரி உயிர்ச் சரக்கு, கல்லுச் சரக்கு... கைக்கு எப்படிக் கிடைக்குதோ அப்படி."

"தேன் எங்க வைப்பீங்க அக்கா?" என்று கிண்டினார் ஆசிட் சார். "பூவுலயா, பூச்சியிலயா?"

அவ்வளவுதான். தேநீர் வேளை முழுவதும் தேனிலேயே போயிற்று. பூ கொடுத்தது, ஆனால் ஈ செய்தது என்றாள் அவள். ஈ சுமந்தது, அவ்வளவுதான் என்றார் அவர். அப்படியென்றால் கொம்பரக்கு? மரக்கிளையில் பூச்சி விட்ட பிசின். அதை மரத்தில் சேர்ப்பதா, பூச்சியில் சேர்ப்பதா? மாசிக்காய்? கடையில் காய் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் அது காயே இல்லை, ஒரு பூச்சி முட்டை வைத்த இடத்தில் மரம் வீங்கிய வீக்கம். பேசப் பேச ஜாடியக்காவின் கண்கள் விரிந்துகொண்டே போயின. தன் வேலை போகப்போகிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. பெரிய சாருக்கும் டீ ஆறியது மறந்துவிட்டது. இளவயதில் அவர் ஓட்டப்பந்தய வீரர். எந்தச் சண்டையையும் ஓடித்தான் தீர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"மூணு சுவர் இருக்கு, மூணு செட்டு ஜாடி இருக்கு," என்றார் அவர். "ஆளுக்கு ஒரு சுவர். அவங்கவங்க முறையில அடுக்குங்க. நம்ம கடைக்காரரைப் பேர் எழுதாம பொட்டலம் கொண்டுவரச் சொல்றேன். பொட்டலத்தைப் பிரிச்சதும் அதே சரக்கை யார் தன் சுவர்லருந்து முதல்ல மேஜைக்குக் கொண்டுவர்றாங்களோ அவங்களுக்கு ஒரு புள்ளி. ஜெயிக்கிற முறைதான் இந்த அறைக்கு."

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "உங்க முறை ஜெயிச்சா, அதுக்கு ஆள் வேணும்தான். நானே மேல பேசுறேன்," என்றார்.

கல்லூரிக்கு எப்போதும் சரக்கு கொடுக்கும் மொத்தக் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிரவு வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் சோறு பிசைவதை நிறுத்தினார். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் அவர். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார்.

"வேலை போனா என்ன செய்வ?"

"அதை விடுங்க. நீங்க கழட்டின ஸ்க்ரூவை எப்படி வைப்பீங்க? அளவு பார்த்தா, இரும்பா பித்தளையான்னு பார்த்தா?"

"யார் வாட்ச்சோ அவங்க பேர் போட்டு ஒரு கிண்ணத்துல வைப்பேன்."

"அது நாலாவது முறை!" அவள் துள்ளி எழுந்ததில் தண்ணீர் சொம்பு உருண்டது. "யாருக்கு ஆகும்னு பார்த்து வைக்கிறது! காய்ச்சலுக்கு ஒரு தட்டு, இருமலுக்கு ஒரு தட்டு! எனக்கு ஏன் இது தோணலை?"

"கிறுக்கு பிடிச்சிருக்கு அண்ணி உங்களுக்கு," என்று நாத்தனார் தரையைத் துடைத்தாள்.

மறுநாளிலிருந்து மூன்று பேரும் அடுக்கினார்கள். காட்சி வரிசை பெரிய சாருக்கு, வகுப்பு வரிசை ஜாடியக்காவுக்கு, பரீட்சை வரிசை ஆசிட் சாருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பெரிய சார் விசில் அடித்துக்கொண்டே அகரவரிசையில் வைத்துச் சீக்கிரமே முடித்துவிட்டார். மூடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார், வைத்தார், போனார். ஜாடியக்காவோ ஒவ்வொரு வகைக்குள்ளேயும் உள்வகை பிரித்தாள். பட்டையில் தட்டையானது, உள்பக்கம் வளைந்தது, குழலாகச் சுருண்டது. வேரில் உடைத்தால் நார் தெரிவது, மாவு உதிர்வது. வகுப்புப் பிள்ளைகளின் கைபட்ட ஜாடிகள் என்பதால் அவளுடைய வரிசையில்தான் பெயர் உரிந்தவை அதிகம். அவற்றைப் பிரித்து இனம் கண்டு வைத்தாள். கடைசி நாள் சாயங்காலம் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று மீதி இருந்தவற்றைக் கண்ணாலேயே பார்த்து மளமளவென்று ஏற்றிவிட்டாள். அவள் பட்டியலில் இருந்த சில சரக்குகள் கிடைக்கவேயில்லை. வண்டியில் உடைந்தவற்றோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பந்தய நாள். விடுமுறை முடியவில்லை என்றாலும் செய்தி கேட்டுக் கொஞ்சம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கடைக்காரர் ஒரு பெரிய தட்டைத் துணி போட்டு மூடி, கல்யாணச் சீர் கொண்டுவருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அவர்தான் நடுவர்.

"உங்க சண்டையில என் கடைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டுவிட்டு முதல் பொட்டலத்தைப் பிரித்தார்.

சுக்கு. பெரிய சார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சு!" என்று கத்திக்கொண்டே ஓடி எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டார். ஜாடியக்கா தன் ஜாடியோடு பாதி வழியில் நின்றாள். ஆசிட் சார் இன்னும் சுரண்டி முகர்ந்துகொண்டிருந்தார்.

அடுத்தது நிலாவாரை இலை. அதுவும் பெரிய சாருக்கே. வயதானவர் மான் மாதிரி ஓடினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜாடியக்காவும் தட்டினாள், பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவதாக வந்தது பழுப்பு நிறத்தில் சின்னப் பட்டைத் துண்டு. பெரிய சார் எடுத்தார், திருப்பினார், நெற்றியைத் தேய்த்தார்.

"வாயில நிக்குது... வெளிய வரமாட்டேங்குது..."

"எந்த எழுத்து சார்?" என்றான் ஒரு மாணவன்.

"அது தெரிஞ்சா நான் ஏன்டா இங்க நிக்கிறேன்!"

பெயர் வராவிட்டால் அகரவரிசையில் எந்தக் கதவும் திறக்காது. ஜாடியக்கா துண்டை ஒரு தடவை பார்த்தாள். பட்டை காய்ந்தால் உள்பக்கமாகத்தான் சுருளும். இது வெளிப்பக்கமாக வளைந்து முதுகை ஒடித்துக்கொண்டு நின்றது. இப்படி வளைகிறவை அவளுடைய தட்டில் அதிகம் இல்லை. ஓடினாள், எடுத்தாள், வைத்தாள். குடசப்பாலைப் பட்டை.

"அதேதான்! அதேதான் என் வாயில நின்னது!" என்றார் பெரிய சார், தனக்கே புள்ளி கிடைத்ததுபோல்.

நான்காவது பொட்டலத்தைப் பிரித்ததும் ஜாடியக்காவின் முகம் சுருங்கிவிட்டது. பொடி. மஞ்சளும் பழுப்பும் கலந்த பொடி. வேரா, இலையா, காயா? அரைத்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான். அவள் கட்டிய சுவர் முழுவதும் உருவத்தை நம்பி நிற்கிறது. உருவமே இல்லாமல் வந்து நிற்பவனை எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வது?

"இப்ப வாங்க அக்கா," என்று ஆசிட் சார் சட்டைக் கையை மடக்கினார். பொடியைத் தண்ணீரில் கரைத்தார். ஒரு குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். கரைசல் மை கொட்டியதுபோல் கருநீலமாக மாறியது. பிள்ளைகள் "ஹோ" என்றார்கள். "துவர்ப்புச் சத்து!" நேராகத் துவர்ப்பு வரிசைக்குப் போய், இருந்த சில பொடிகளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கடுக்காயை எடுத்துவந்தார். ஜாடியக்கா அந்தக் கருநீலத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றது போலவே தெரியவில்லை.

ஐந்தாவது ஒரு வேர். "அதிமதுரம்! குழந்தைக்கும் தெரியும்," என்று பெரிய சார் பாய்ந்தார். அகர வரிசையின் முதல் தட்டு. ஜாடியை மேஜையில் டங்கென்று வைத்து, மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். "இந்த இனிப்பு வேற எதுல..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. கண் விரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். எச்சில் நூலாக ஒழுகியது.

"என்ன சார்?"

"நாக்கு... நாக்கு சுர்ருங்குது..."

கடைக்காரர் ஜாடிக்குள் மூக்கை நீட்டினார். "இது அதிமதுரம் இல்லீங்க, அக்கரகாரம். கடிச்சா நாக்கு மரத்து எச்சில் ஊத்தும். பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்." இடம் மாற்றி ஜாடிகளைத் துடைத்தபோது யாரோ மூடியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்து இருந்த ஜாடிகள். மூடியில் இருந்த பெயரைத்தான் பெரிய சார் பார்த்தார், உள்ளே பார்க்கவில்லை. அதற்குள் ஜாடியக்கா தன் சுவரிலிருந்து உண்மையான அதிமதுரத்தை எடுத்துவந்துவிட்டாள்.

அவளுக்கு இரண்டு, பெரிய சாருக்கு இரண்டு, ஆசிட் சாருக்கு ஒன்று. தட்டில் மிச்சம் இருந்தது ஒரே பொட்டலம்.

ஜாடியக்கா அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள். இந்தச் சுவர், இந்த வாசனை, காலையில் பூட்டைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் அந்தக் காய்ந்த காடு, எல்லாம் அந்தக் காகிதத்துக்குள் இருந்தது.

கடைக்காரர் பிரித்தார். கிளை கிளையாக, விரல் நீளத்தில், சாம்பல் வெள்ளையாக ஒன்று. பெரிய சார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். குச்சியா? எலும்பா? ஆசிட் சார் ஒரு சொட்டு அமிலம் விட்டார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணாம்பு! உயிர்ச் சரக்கு!"

"பவளம்!" என்றார்கள் பெரிய சாரும் ஜாடியக்காவும் ஒரே குரலில். இருவரும் ஓடினார்கள். ஆசிட் சாரும் ஓடினார், ஆனால் அவருடைய சுண்ணாம்பு வரிசையில் சங்கு, சிப்பி, கடல்நுரை, பவளம் எல்லாம் பரீட்சைக்காகப் பொடித்து, பெயர் ஒட்டாமல் வைத்த வெள்ளைப் பொடி. எது எதுவென்று அமிலத்துக்கும் தெரியாது, ஒரே மாதிரிதான் பொங்கும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

ஜாடியக்கா உயிர்ச் சரக்குத் தட்டின் முன்னால் நின்றாள். சங்கு இருந்தது. சிப்பி இருந்தது. கடல்நுரை இருந்தது. பவளம் இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை. பின்னால் மேஜையில் ஜாடி வைக்கும் சத்தம் கேட்டது. ப வரிசையிலிருந்து பெரிய சார் எடுத்துவந்துவிட்டார்.

பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கடைக்காரர் பெரிய சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய சார் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஜாடியக்காவின் முதுகைப் பார்த்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், "எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா," என்றார்.

டீ வந்தது. அவள் திரும்பவில்லை.

"அக்கா, வாங்க. விடுங்க," என்றார் ஆசிட் சார் மெதுவாக.

"அப்ப என் பவளம் எங்க?"

"உடைஞ்சிருக்கும் அக்கா."

"உடைஞ்ச துண்டெல்லாம் நான்தான் கூட்டி அள்ளுனேன். அதுல சிவப்பா ஒண்ணும் இல்லை." சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கடைக்காரர் கொண்டுவந்து மேஜையில் வைத்த துண்டைப் பார்த்தாள். அதுவும் சிவப்பில்லை. வெளுத்துச் சாம்பலாகக் கிடந்தது. பழைய வகுப்பறையில் அவளுடைய ஜாடிகள் எல்லாம் ஜன்னல் ஓரத்தில், நாளெல்லாம் வெயில் விழுகிற இடத்தில் இருந்தவை. "அந்தக் குப்பியைக் குடுங்க," என்று ஆசிட் சாரின் கையிலிருந்து அமிலக் குப்பியை வாங்கிக்கொண்டாள்.

அவள் போய் நின்றது குச்சித் தட்டின் முன்னால். காய்ந்த தண்டும் கொம்பும் சுள்ளியுமாக வரிசையாக ஜாடிகள். இடுக்கியால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். ஒரு சொட்டு. ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது, ஒரு சொட்டு, ஒன்றும் ஆகவில்லை. யாரோ சிரித்தார்கள். அடுத்தது. அதற்கடுத்தது.

"குச்சி பொங்குது!"

அந்தக் கத்தலில் கடைக்காரரின் டீ அவர் சட்டையிலேயே கொட்டியது.

"சார்! இங்க வாங்க சார்! குச்சி பொங்குது! எல்லாரும் வாங்க! பவளத்தை நான் குச்சியோட வச்சிருக்கேன்! கிளை கிளையா இருந்துச்சா, வெளுத்துப் போயிருந்துச்சா, குச்சின்னு வச்சுட்டேன்! உருவம் என்னையே ஏமாத்திடுச்சு சார்!"

பெரிய சார் கோப்பையோடு வந்து நின்றார். கண்ணாடித் தட்டில் அந்தச் சின்னக் குச்சி நுரை கக்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நீங்க தோத்துட்டீங்க. தப்பும் உங்க தப்பு. எதுக்கு இப்படிக் குதிக்கிறீங்க?"

"கண்டுபிடிச்சுட்டேனே சார்! கையில எடுத்திருந்தா கனமே சொல்லியிருக்கும், குச்சி இவ்வளவு கனக்காது. ஜாடியோட பார்த்து வச்சேன், அதான். ஒத்ததை ஒத்ததோட வச்சா சுலபமாத் தேடலாம்னு நெனச்சேன். ஆனா வேஷம் போட்டதும் அங்கேயேதான் சார் போய் ஒளிஞ்சுக்குது! ஆசிட் சார் சொட்டு இல்லேன்னா இது ஜென்மத்துக்கும் குச்சியாவே இருந்திருக்கும்!"

மூச்சு வாங்கினாள். பிறகு அவளுடைய கண் எதிர்ச் சுவருக்குப் போயிற்று.

"சார், உங்க சுவர்லயும் இருக்குமே."

"என்ன இருக்கும்?"

"மூடி மாறுனது. அதிமதுரம் நாக்குல சுர்ருன்னதால தெரிஞ்சுது. சுர்ருன்னு சொல்லாதது எத்தனை இருக்கோ? பக்கத்துப் பக்கத்துல வேரும் பூவும் கல்லும் நிக்குது சார், ஒண்ணு மாறியிருந்தா கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

பெரிய சார் தன் சுவரைப் பார்த்தார். அழகாக, வரிசையாக, ஒவ்வொரு மூடியிலும் பெயரோடு நின்றது. அவருடைய நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. டீயின் சூடு அவருக்குத் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை.

"ஜெயிச்சது யாரு?" என்று கேட்டார் திடீரென்று.

"நீங்கதாங்க," என்றார் கடைக்காரர், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப முடிவும் என்னோடது. ஜெயிக்கிற முறைக்குத்தான் அறைன்னு சொன்னேன். அகரவரிசை இருக்கட்டும், பேர் தெரிஞ்சு வர்றவனுக்கு. அது ஒரு சுவர். ஆனா அந்தச் சுவரை நான் நம்பல." அவர் குழறியது நாக்கு மரத்ததாலா, வேறு எதனாலா என்று சொல்ல முடியாது. "அலுவலகத்துலருந்து வர்றவர் பூட்டுவார், திறப்பார். குச்சி மேல அமிலம் விட்டுப் பார்க்கணும்னு அவருக்கு எந்தக் காலத்துல தோணும்? தப்பைத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சுட்டு, அதுக்கு ஊரையே கூப்பிட்டுக் காட்டுற ஆள்தான் இந்த அறைக்கு வேணும். மேல இருக்குறவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். மூணு சுவரும் இப்படியே நிக்கட்டும். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

பிள்ளைகள் மறுபடி கத்தினார்கள். ஜாடியக்கா கேட்டாளா என்றே தெரியவில்லை. அவள் ஏற்கெனவே அகரவரிசையின் முதல் தட்டிலிருந்து ஜாடிகளைக் கீழே இறக்க ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் கடைத்தெருவிலேயே வீட்டுக்காரரைப் பிடித்துவிட்டாள். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்தபடி ஒரு கடிகாரத்துக்குள் குனிந்திருந்தார்.

"தோத்துட்டேங்க!"

அவர் கண்ணாடியை எடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்போடு நிற்பவளைப் பார்த்தார்.

"வேலை?"

"இருக்கு! ஆனா அது கிடக்கட்டும், இதைக் கேளுங்க. பவளம் இருக்கில்ல பவளம், பார்த்தா செடி மாதிரி கிளை விடும், தொட்டா கல்லு, ஆனா கட்டுனது உயிருள்ள புழு மாதிரி ஒண்ணு. மூணும் அதுதான்! அதை எங்க வச்சாலும் தப்பு, எங்க வச்சாலும் சரி! உங்களுக்குப் புரியுதா?"

"புரியல."

"எனக்கும் புரியல!" என்றாள் அவள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதல் பொட்டலத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வீட்டுக்காரர் கையில் இருந்த கடிகாரத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.